மூன்றாவது குதிரை

பிராண்டன் நகரின் கிழக்கு ஓரம்.
நெடுஞ்சாலை விடுதி, இரவு மேசை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
காப்பி மெஷின் மட்டும் எதையோ முனகிக்கொண்டிருக்கும்.

ஓரெஸ்ட் மாதம் இருமுறை வருவான்,
கனோலா எண்ணெய் லாரியோடு.
நூற்றுப் பதினான்கின் சாவியை வாங்குமுன்
காந்தப் பலகையை விரித்துக் காய்களை ஒட்டுவான்.
விளையாடக் கூப்பிட்டதே இல்லை.
"இது நடந்திருக்குமா?" என்பான்.
அவ்வளவுதான் அவன் பேச்சு.

முதல் தடவை ஏமாந்தேன்.
ஒரே நகர்வில் மேட், எங்கே, என்றான்.
ராணியைத் தூக்கி வைத்தேன், பெருமையாக.
"சரி, இதற்கு முன் கறுப்பு எதை நகர்த்தியது?"
தேடினேன்.
கறுப்பு ராஜா வந்திருக்க வழியில்லை,
சிப்பாய்களுக்குப் பின்னால் இடமில்லை.
கறுப்பு நகர்ந்தே இருக்க முடியாது.
ஆகவே இது கறுப்பின் முறை.
என் மேட் செல்லாது.
எண்பத்தொன்பது டாலரை எண்ணி வாங்கிக்கொண்டு
விடியும்வரை அவனைத் திட்டினேன், மனசுக்குள்.

பிறகு கண் பழகிவிட்டது.
ஏ-ஒன்றில் வெள்ளை மந்திரி, பி-இரண்டில் வெள்ளைச் சிப்பாயா?
"பொய்" என்பேன், கார்டைத் தேய்த்தபடியே.
கதவே திறக்காத அறைக்குள் ஆள் எப்படி?
சிப்பாய்க்குத் திரும்பிவரத் தெரியாது,
அதனால் அதற்குப் பொய் சொல்லவும் வராது.

கார் நிறுத்தத்தையும் அப்படியே படிக்கத் தொடங்கினேன்.
டயருக்கு அடியில் தார் தெரிந்தால்
அந்த வண்டி பனிக்கு முன்னால் வந்தது.
இருநூற்றேழுக்குப் போன காலடி இரண்டு சோடி.
திரும்பியது ஒன்று.
பதிவேட்டில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

ஜனவரியில் ஒரு செவ்வாய், இமையில் பனியோடு வந்து
ஓரெஸ்ட் கேட்டான்:
"வெள்ளை கோட்டை கட்டலாமா?"

ராஜா இ-ஒன்றில். யானை மூலையில். நடுவே காலி.
இதற்கொரு சட்டம் உண்டு:
ராஜா நகர்ந்தது என்று நிரூபிக்கும்வரை
நகரவில்லை என்றே கொள்ளவேண்டும்.
இத்தனை மரியாதையான சட்டத்தை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.
அப்புறம்,
சாட்சி பலகையிலிருந்துதான் வரவேண்டும்.
விரல் ஈரம், காய் நிற்கும் கோணல், எதுவும் எடுபடாது.

குதிரைகளை எண்ணினேன். கறுப்புக்கு மூன்று.
ஒன்று சிப்பாயாகப் பிறந்தது.
வெள்ளைச் சிப்பாய்கள் ஏழும் வீட்டு வரிசையில்,
டி-இரண்டில் மட்டும் ஓட்டை.
அந்த ஓட்டை வழியேதான் அது நுழைந்திருக்கவேண்டும்.
நுழைந்து நின்ற கணம் ராஜாவுக்குச் செக்.
அதை யாரும் வெட்டவில்லை, வெட்டியிருந்தால் குதிரை ஏது?
ஆக, ராஜா எழுந்து போயிருக்கிறது.
போய், எங்கோ சுற்றி,
அதே கட்டத்தில், அதே நடுவில்
வந்து நிற்கிறது, ஒன்றும் நடக்காதது மாதிரி.

போன மார்ச்சில் பதினொரு நாள்
ரெஜைனாவில் ஒரு தோழியின் சோபாவில் கிடந்தேன்.
திரும்பியதும் பிரஷை அதே குவளையில் போட்டேன்,
கோட்டை அதே கொக்கியில் மாட்டினேன்.
குகதாசன் எதுவும் கேட்கவில்லை.
மரியாதையான மனுஷன்.

"கட்ட முடியாது" என்றேன்.
"ரெண்டே நிமிஷம்! எப்படி?"
"குதிரையை எண்ணினேன்."
அது உண்மைதான், பலகையைப் பொறுத்தவரை.

ஏழு மணிக்கு வீடு.
வாசல்வரை பதினாறடி புதுப்பனி,
போனவர் தடமும் இல்லை, வந்தவர் தடமும் இல்லை.
காரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
அடுக்களை விளக்கு எரிந்தது.
யாருடைய முறை என்று
இங்கிருந்து பார்த்தால் தெரியவில்லை.

திரைச்சீலை விலகியது.
ஒரு கோப்பையைத் தூக்கிக் காட்டினான்.
வேணுமா என்கிறானா,
தீர்ந்துவிட்டது என்கிறானா.

இறங்கினேன்.