நான்காவதாய்ப் பிறந்தவள் பெயர் வைக்கிறாள்

என் பெயர் ஸ்தமாத்தா.
எங்கள் மொழியில் அதற்கு ‘நிறுத்து’ என்று அர்த்தம்.
மூன்று அக்காக்களுக்குப் பிறகு வந்தேன்.
அப்பா கடவுளுக்கு எழுதிய புகார்க் கடிதத்தில்
கடைசி வார்த்தை நான்.
கடவுள் படித்துவிட்டார் போல,
அடுத்தது தம்பி.

இப்போது என் வயிற்றுத் தையல் காயாத ஒன்பதாம் நாள்.
ஸீரோஸ் தீவில் ஜனவரிக் காற்று
ஜன்னல்களை ஒவ்வொன்றாய் விசாரிக்கிறது.
ஸராந்தோஸ் கப்பல் பட்டறையிலிருந்து வந்து
விரலெல்லாம் வெல்டிங் வாசனையோடு
தொட்டிலைத் தொடத் தயங்கி நிற்கிறான்.
மகளுக்கு இன்னும் பெயரில்லை.
மருத்துவமனை மாட்டிவிட்ட கைப்பட்டையில்
‘ஸ்தமாத்தாவின் பெண் குழந்தை’ என்றிருந்தது.
வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் கத்தரித்தேன்.

மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதுகிறோம்.

பெர்செஃபோனி, என்றான்.
பூப்பறிக்கப் போனவளின் காலடி நிலம் பிளந்தது.
நாலைந்து மாதுளை முத்தைத் தின்ற குற்றத்துக்குப்
பாதி வருஷம் பாதாளத்தில்,
மீதி வருஷம் அம்மாவிடம்.
ஒரு குளியல் நேரம்கூட இவளை விட முடியவில்லை,
வசந்தம் வரைக்கும் எப்படிக் காத்திருப்பேன்?

தாஃப்னி.
ஓடி ஓடி மூச்சிரைத்து மரமானாள்.
துரத்தியவன் அவள் இலையையே கிள்ளித்
தலையில் சூடிக்கொண்டான்.
நாம் பருப்புச் சாற்றில் போடுகிறோம்.

அரியாத்னி, வாய்க்கு இதமான பெயர்தான்.
நூல் கொடுத்தாள். வழி தெரிந்துகொண்டவன்
அவள் தூங்கும்போது கப்பலேறிவிட்டான்.
வானம் தெளிந்த நாளில் மொட்டைமாடியிலிருந்தே தெரியும்
அவளை விட்டுப்போன நாக்ஸோஸ் கரை.
துணி காயப்போடும்போதெல்லாம்
அதைப் பார்த்துக்கொண்டா நிற்பேன்?

எவ்ரிதீகி என்று அவன் ஆரம்பித்தபோது
அடுப்பைப் பார்த்து நின்றிருந்தேன்.
திரும்பவே இல்லை.

பாதிரியார் தொலைபேசியில் சொன்னார்:
“எதை வேண்டுமானாலும் வையுங்கள்,
பக்கத்தில் ஒரு மரியாவைச் சேர்த்துவிடுங்கள்.
சொர்க்கத்தில் தேடச் சுலபம்.”

இரவு மூன்று மணிப் பால்.
கிழக்கே மிக்கோனோஸின் விளக்குகள்,
அதற்கு இப்பால் ஒரு துண்டு இருட்டு.
அந்த இருட்டுக்குள் எங்கோ தீலோஸ்.

தீவாவதற்கு முன் அது ஒரு பெண்.
அஸ்தேரியா.
அவளும் ஓடியவள்தான்.
இந்தக் கதைகளில் ஓடாத பெண் எங்கே இருக்கிறாள்?
தேவராஜன் துரத்தக் காடையாகிக் கடலில் விழுந்தாள்,
வேரில்லாத பாறையாய் மிதந்து திரிந்தாள்.
பிறகொரு நாள் நிறைமாதத்தோடு லெத்தோ வந்தாள்.
பழி வருமென்று பயந்து
ஒரு கரையும் அவளுக்கு இடம் தரவில்லை.
அஸ்தேரியா நின்றாள்.
எவரும் நிறுத்தவில்லை.
தானாக நின்றாள்.
“இங்கே பெற்றுக்கொள்” என்றாள்.

மறுமுலை வழிந்து சட்டை நனைந்தது
வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

(பிற்பாடு அந்தத் தீவில் யாரும் பிறக்கவே கூடாதென்று
சட்டம் போட்டார்கள்.
அது வேறு விஷயம்.
இல்லை, அதே விஷயம்தான்.)

ஸராந்தோஸை உலுக்கினேன்.
“அஸ்தேரியா.”
“நட்சத்திரமா?”
“ம்.”
“பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணினால்?”
“என்னைப் பண்ணியதைவிடக் குறைச்சலாகத்தான் இருக்கும்.”
சிரிக்கலாமா என்று யோசித்தபடியே தூங்கிப்போனான்.

நகராட்சியில் குமாஸ்தா
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
தாயின் பெயர்?
சொன்னேன்.
பேனா நின்றது.
“எத்தனையாவது?”
“நாலாவது.”
“எங்கம்மா ஆறாவது” என்றார்.
வேறெதுவும் கேட்காமல்
முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

அந்தச் சத்தத்தில் விழித்த அஸ்தேரியா
துறைமுகம் வரைக்கும் கேட்கும்படி அழுதாள்.
வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.
நான் நிறுத்தவில்லை.