அறை

சூலியா தெருவில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை.
படத்தில் மீராசாவுக்கு மட்டும் அறை;
கொடுப்பவன் நெட்டை, நான்.

கை கன்னத்தைத் தொடாது.
சத்தத்தை அவனே தொடையில் தட்டிக்கொள்வான்,
முகத்தை நான் உர்ரென்று வைத்திருப்பேன்.
பினாங்கே சிரித்தது.

பதினான்காவது படத்தில்
முந்நூறு வெள்ளி கணக்கு உதைத்தது.
பேச்சு நின்றது. வசனம் மட்டும்.
கடைசிப் படம், நான்காவது டேக்,
உண்மையாகவே விட்டேன்.
டைரக்டர் ஓகே என்றார்.
மீராசா மூன்று எண்ணித் திரும்பினான், வழக்கம்போல.
தியேட்டர் அதிர்ந்தது.

நேற்று டிவியில் போட்டார்கள்.
அவன் போய் ஏழு வருஷம்.
ஜெலுத்தோங் வீட்டில் பேத்தி
சோற்றை வாயில் வைத்தபடி சிரிக்கிறாள்.
எனக்கு இரண்டு சத்தம் கேட்கிறது.
ஒன்று என் கை.
மற்றது, அரை நொடி பிந்தி,
அவன் தொடை.