வியாழன் வரை

மருந்துச் சீட்டில் எழுதியிருந்தது:
கஞ்சா, உலர்ந்தது, பத்து கிராம்.
விளாஸ்திமில் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
டிராம் நிற்கும்வரை கையை எடுக்கவில்லை,
திருடிய கோழியை மறைத்து வருபவன்போல.

அன்றே பால்கனியில் சுருட்டினான்.
ஆஸ்ட்ராவா, எட்டாவது மாடி, பிப்ரவரி.
அடுத்த வீட்டு பெந்தோவா கம்பளம் உதற வந்து
மூக்கைச் சுளித்துவிட்டு உள்ளே போனாள்.
இரண்டு இழுப்பு.
காலின் நரம்பில் பழுத்துக்கிடந்த கம்பி
கொஞ்சம் மங்கியது, பொய் சொல்லவில்லை.
பிறகு இருமினான்.
இருபத்தெட்டு வருடச் சுரங்கக் கரி முழுவதும்
ஒரே ஷிஃப்டில் மேலே வர முயல்வதுபோல.
நான் முதுகைத் தட்டவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாற்பத்தொன்று.

மருந்துக்கடை யித்கா, காதில் பென்சில் செருகியவள்,
நெஞ்சுப் படம் எதுவும் கேட்கவில்லை.
இருமலைக் கேட்டாள், போதும்.
"எது எரிந்தாலும் தார்தான், ஐயா.
செடி நல்லது என்று நெருப்புக்குத் தெரியாது."

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
அவள் காட்டிய கருவியில்
இரண்டுமே இல்லை.
நூற்றெண்பது டிகிரியில்
இலை வியர்க்கிறது, கருகவில்லை.
மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள் என்றாள்,
வாயு கசிந்த பாதையில் மூச்சடக்கி ஓடியவனிடம்.
தீப்பெட்டியைத் தேடித் தேடி
அவன் விரல்கள்தான் ஏமாந்தன.
ஆனாலும் அந்த மார்புக்கு ஆவியும் விருந்தாளி;
ஒரு வாரம் தங்கலாம், குடியேற முடியாது.

அப்புறம் என் தம்பி க்வேதோஸ்லாவ்
ஓபாவாவிலிருந்து கொண்டுவந்தான்,
அவனே காய்ச்சிய வெண்ணெயில் கசகசா பன்.
எவ்வளவு போட்டாய் என்றால்
"போட்டேன், அளவா" என்றான்.
பொறுத்தார் பூமி ஆள்வார்.
பூமிக்கு அடியிலேயே பொறுத்தவன்
நாற்பது நிமிடம் பொறுக்கவில்லை.
ஒன்றுமே ஆகவில்லையே என்று
இரண்டாவதைத் தின்றான்.
ஒன்பது மணிக்கு இரண்டும் சேர்ந்து வந்தன.

மேசையின் இரு விளிம்பையும் பிடித்துக்கொண்டு
"கூண்டு இறங்குது. கயிறு சரியா?"
சரி என்றேன்.
பன்னிரண்டு மணிக்கும் கேட்டான்.
இரண்டு மணிக்கும்.
ஈரத்துணி, தண்ணீர், என் கை,
கயிறு சரி, கயிறு சரி.

விடிந்தால் பேத்தி வரும் நாள்.
தட்டில் ஆறு மிச்சம்.
பார்க்க வெறும் பன்போலவே இருந்தன,
அதுதான் என்னை நடுக்கியது.
காபிச் சக்கையோடு பிசைந்து
பையை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டி எறிந்தேன்.

இப்போது எண்ணெய்.
கறுத்த குப்பி, பூட்டிய டப்பா, சாவி என் கழுத்தில்.
கார் சாவியும் அங்கேதான்.
ஒரு துளியில் தொடங்கினோம்.
வியாழனுக்கு வியாழன் ஒரு துளி கூட்டலாம்,
வலி கேட்டால் மட்டும்.
நோட்டில் என் கையெழுத்து: நேரம், துளி, தூக்கம்.
அடிநாக்கில் விட்டதும்
ஒரு முழு நிமிடம் விழுங்கக்கூடாது,
பேசக்கூடாது.

டிராமில் அந்நியரிடமும் ஓயாமல் பேசுபவன்
வாய்மூடி உட்கார்ந்திருக்கிறான்.
அதனால் நான் பேசத் தொடங்கினேன்.
முதலில் சின்னதாக:
குழாய் ஒழுகுவது, அவன் அக்காள் திருப்பித் தராத கடன்.
நேற்று, மூன்று துளி,
கடிகார முள் பாதி சுற்றியபோது சொன்னேன்:
கூரை சரிந்த இரவு, வாசல் கேட்டில்
பெந்தாவின் பெயரை வாசித்தார்கள்.
பெந்தோவா என் தோளில்தான் சாய்ந்திருந்தாள்.
எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவன் கண்கள் மட்டும் அசைந்தன.
முள் வட்டம் முடித்தது.
விழுங்கினான்.
சுவருக்கு அப்பால் அவள் பாத்திரம் கழுவும் சத்தம்.

"இன்னொரு துளி விடேன்" என்றான்.
நோட்டைப் பார்த்தேன்.
இல்லை.
வியாழன் வரை இல்லை.