யானா

யாரும் விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.
ஷார்ஜா அல் கானில் எழும்பும் முப்பத்தொரு மாடி.
காலை ஐந்தரைக்கு வரிசையில் நிற்பவர்களின்
இடுப்புப் பட்டை, கொக்கி, கயிறு,
தலைக்கவச நாடா தாடையில் இறுகியிருக்கிறதா என்று
விரல் விட்டுப் பார்ப்பேன்.
உருது, வங்காளம், நேபாளி, மலையாளம்
நான்கிலும் எனக்குச் சரளமாக வரும் வாக்கியம் ஒன்றே ஒன்று:
கீழே விழாதே.

வீட்டிலும் அதையேதான் சொன்னேன்.
அபு ஷகாராவில் ஓர் அறை, ஒரு கூடம்.
ஷிஃபா ஓடினால் கீழ்வீட்டுக்காரர்
துடைப்பக் கட்டையால் அவர் கூரையைத் தட்டுவார்,
அது எங்கள் தரை.
ஓடாதே. குதிக்காதே. சோபாவில் ஏறாதே.
ஏழு வயதுக்குள் சத்தமில்லாமல் நடக்கக் கற்றுவிட்டாள்.
பூனை மாதிரி என்று சொன்னால் பூனை கோபித்துக்கொள்ளும்:
திறந்திருக்கும் கதவிலும் தோளை இடித்துக்கொள்வாள்,
தம்ளரை மேசைக்கு ஓர் அங்குலம் தள்ளி
காற்றில் வைப்பாள்.
அவள் எழுத்து கோட்டில் உட்காராமல் மிதக்கிறது என்றார் டீச்சர்.
டாக்டர் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார்,
பிறகு கேட்டார்:
"பிள்ளை எங்கே விளையாடுது?"
நானும் மெஹராஜும்
ஒருவர் பதில் சொல்வார் என்று மற்றவர் காத்திருந்தோம்.

அப்படித்தான் வந்து சேர்ந்தோம்
இண்டஸ்ட்ரியல் ஏரியாவில்
டயர் கடைக்கும் ஏசி பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவே
ஒரு தகரக் கொட்டகைக்கு.
மாதம் முந்நூற்றைம்பது திர்ஹம்.
நீல மெத்தைகள், ரப்பர் வாடை,
மாவு மில்லில் போல எல்லார் கையிலும் வெள்ளைப் பொடி.
கோச் தில்நோஸா, உஸ்பெக்காரி.
வாயில் ஆங்கிலம் கொஞ்சம், மீதி கையில்.

முதல் நாள் என்ன சொல்லிக்கொடுத்தாள் தெரியுமா?
விழுவதற்கு.
முட்டியை மடி, தாடையை நெஞ்சில் ஒட்டு,
கையை ஊன்றாதே, உருண்டுவிடு.
பதினான்கு பிள்ளைகள் சடசடவென்று விழுந்தார்கள்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
என் கை தானாகவே இடுப்பில் கொக்கியைத் தேடியது.

"யானா!" என்பாள் கோச்.
அவர்கள் மொழியில் "மறுபடியும்".
ஷிஃபாவுக்கு அது தெரியாது.
எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடத் தமிழில்
யான் என்றால் நான்.
யானா? நானா?
அவளும் அப்படித்தான் நின்றாள் மூன்று வாரம்:
தன் முறை வரும்போதெல்லாம்
நானா என்பது போல் திரும்பிப் பார்த்துவிட்டு
வரிசையின் கடைசிக்குப் போய்விடுவாள்.
கோச் இழுக்கவில்லை, திட்டவுமில்லை.
வரிசை மட்டும் திரும்பத் திரும்ப அவளிடமே வந்தது.

நான்காவது சனிக்கிழமை உத்தரத்தில் ஏறினாள்.
பத்து சென்டிமீட்டர் அகலம்.
என் சாரத்துப் பலகையே இருபத்திரண்டரை,
அதற்கும் இரண்டு பக்கம் கைப்பிடி கேட்டு
கையெழுத்துப் போடாமல் சண்டை பிடிப்பவன் நான்.
ஓரடி. இரண்டடி. கால்விரல்கள் மரத்தைக் கவ்வின.
மூன்றாவதில் சாய்ந்தாள்
தாடை நெஞ்சில், முட்டி மடங்கி,
தொப்!

அவ்வளவு பெரிய சத்தம் அவள் எழுப்பி நான் கேட்டதில்லை.
எழுந்து தரையைப் பார்த்தாள்.
காத்திருந்தாள்.
அடியிலிருந்து யாரும் தட்டவில்லை.
கூரையின் தகரம்தான் வெயிலில் டக்கென்றது.
மறுபடி ஏறினாள்.

தம்ளர் இப்போது மேசையில் இறங்குகிறது, பெரும்பாலும்.
கம்பியில் தொங்கித் தொங்கி
உள்ளங்கையில் மிளகளவு காய்ப்பு,
அதை வகுப்பு முழுக்கக் காட்டிவிட்டாளாம்.
"ழ" இன்னும் கோட்டுக்கு வரவில்லை. வரட்டும்.
"என்னால முடியாது" என்றிருந்தவள்
"இன்னும் முடியல" என்கிறாள்.
எந்தக் கிழமையில் மாறியதோ, நான் கவனிக்கவில்லை.

நேற்று ராத்திரி, சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு
இரண்டு கம்பளி விரித்தாள்.
"அத்தா, விழு."
நாற்பத்திரண்டு வயது, எண்பத்தாறு கிலோ,
பதினாறு வருடப் பாதுகாப்புச் சான்றிதழ்கள்.
தாடையை நெஞ்சில் ஒட்டினேன். உருண்டேன்.
வீடே அதிர்ந்தது.
மெஹராஜ் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.
கீழேயிருந்து துடைப்பக் கட்டை: டொக், டொக், டொக்.

இடுப்பில் கைவைத்து நின்றாள் ஷிஃபா.
"யானா!"