உறுதிமொழிக் கடிதம்

மண்டப மேலாளர் கேட்ட கடிதத்தை
நான்தான் தட்டச்சு செய்தேன்:
'இந்நிகழ்ச்சியில் உண்மையான மந்திரம் எதுவும்
செய்யப்பட மாட்டாது என உறுதி கூறுகிறோம்.'
கீழே ஸோல்டான் கையெழுத்திட்டார்.
கையெழுத்தில் அவர் சவரிராயன்,
தூத்துக்குடி, பகலில் பைப் ஃபிட்டிங்ஸ் விற்பவர்,
இடது புஜத்தில் சட்டைக்குள்
சிறுநீரகக் கல்லுக்கு மந்திரித்த தாயத்து.

மனாமாவில் ஆகஸ்ட்.
மண்டபத்துக்கு ஏசி. மேடைக்கு அடியில் நான்.
நிமிர முடியாத நாலடி உயரம்,
ஆஸ்பத்திரி ஏலத்தில் எடுத்த மெத்தை,
ஒரு தண்ணீர் போத்தல்.
மற்ற நாளெல்லாம் சித்ராவில் ஃபோர்க்லிஃப்ட்,
வெள்ளி இரவுகளில் இது.

மேலே பெட்டிக்குள் ஷிரோமி நிற்பாள்.
குதிகாலால் இரண்டு தட்டு.
நான் தாழை இழுப்பேன்.
பலகை விலகும்.
இருட்டோடு இருட்டாக
ஐம்பத்திரண்டு கிலோ கையில் வந்து விழும்,
சலூன் ஷாம்பு வாசனையோடு.
"அவள் இப்போது இந்த உலகத்திலேயே இல்லை!"
என்று மேலே ஸோல்டான் முழங்கும்போது
பக்கத்தில் உட்கார்ந்து
முழங்காலைச் சொறிந்துகொண்டிருப்பாள்.
சில நாள் பாதி சமோசா.

சபையின் அந்த 'ஆ'வை
பலகை வழியாகத்தான் கேட்டிருக்கிறேன்.
சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கியது போலிருக்கும்.
மூன்று தினார் கொடுத்து
எதற்கு ஏமாற வருகிறார்கள் என்று
முதல் வருடம் முழுக்க யோசித்தேன்.
என்னையும் ஒருவர் ஏமாற்றினார், திருச்சி ஏஜென்ட்.
டிரைவர் வேலை என்றார்,
வந்திறங்கினால் கோழிப்பண்ணை.
அன்று யாரும் கை தட்டவில்லை.
ஸோல்டான் ஏமாற்றப் போவதாகச் சொல்லிவிட்டு
ஏமாற்றுகிறார்.
காதுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் நாணயத்துக்கல்ல,
இந்த நாணயத்துக்குத்தான் மூன்று தினார்.
அப்படி முடிவுகட்டி வைத்திருந்தேன்.

ஒருமுறை அவரையே கேட்டேன்,
நிஜ மந்திரம் உண்டா அண்ணே?
"இருந்தா நான் ஏன்டா பைப் விக்கிறேன்."
அப்போ தாயத்து?
"அது கல்லுக்கு."

போன வெள்ளி, முதல் காட்சி.
மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல்:
"கீழே கதவு இருக்கு! கீழே கதவு இருக்கு!"
யாரோ வாயைப் பொத்தினார்கள்.
காட்சி முடிந்ததும் ஸோல்டானே
அவளைக் கூட்டிவந்தார்.
மின்ஹா. முன்பல் இரண்டு இல்லை.
தொழில் ரகசியம். ஏன் அப்படிச் செய்தார் என்று
எனக்கு இன்னும் விளங்கவில்லை.
"பார், நல்லாப் பார்" என்று திரையை விலக்கினார்.

அவள் குனியத் தேவைப்படவில்லை.
நேராக நடந்து வந்தாள்.
தாழைப் பார்த்தாள். மெத்தையை அமுக்கிப் பார்த்தாள்.
சமோசாவும் கையுமாக ஷிரோமியைப் பார்த்தாள்.
இவ்வளவுதானா என்று கேட்பாள் என
நாங்கள் காத்திருந்தோம்.

"இருட்டுலயா பிடிப்பீங்க?"
ஆமா.
"லைட்டே போடாமயா?"
போட்டா மேலே விரிசல்ல தெரிஞ்சிரும்.
"ஒரு தடவைகூட விட்டதில்லையா?"

நான் ஷிரோமியைப் பார்த்தேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.
மூன்று வருடம், வெள்ளிதோறும் இரண்டு காட்சி.
யார் எண்ணினார்கள்?
"இல்ல" என்றாள் ஷிரோமி, மெல்லுவதை நிறுத்தி.

அப்போது அது வந்தது,
நடுவில் பலகை எதுவும் இல்லாமல்,
ஒரு முழத் தூரத்தில்,
அந்த 'ஆ'.

மேலாளருக்குக் கொடுத்த கடிதம்
ஏனோ ஞாபகம் வந்தது.

இரண்டாம் காட்சி.
விளக்குகள் அணைந்தன.
மேலே ஸோல்டானின் குரல், பெட்டியின் கதவு,
அவளுடைய செருப்பின் நடை.
மூன்று வருடத்தில் முதல் முறையாக
உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.
ஒரு தட்டு.
இன்னொன்று வர வேண்டும்.