சாவி

தைப்பிங் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். நண்பகல்.
கோயில் பூட்டியிருந்தது.
"சாவி டயர் கடையில்"
என்றது கம்பிக் கதவில் தொங்கிய அட்டை.

ஆ செங் கையைத் துடைத்துக்கொண்டு
சாவியோடு கற்பூரமும் தந்தார்.
"ஐயர் வெள்ளிக்கிழமைதான் வருவாரு.
காத்தாடி போட்டா அடைச்சிடு, கரண்டு காசு ஏறுது"
என்றார், தமிழில்.

உள்ளே அம்மன்,
நேற்றைய செவ்வந்தி.
எதிரே ஏரி.
ஏரி என்கிறார்கள்;
ஈயம் தோண்டிவிட்டுப் போன பள்ளம்.
எவ்வளவு ஆழமென்று யாருக்கும் தெரியாது.
அம்மனுக்குத் தெரியலாம்,
எழுபது வருஷமாய் அதையேதான் பார்க்கிறாள்.

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.
செம்பனை லாரி ஒன்று போனது.
தண்ணீர் லேசாக நடுங்கி
நின்றது.

காத்தாடியை அடைத்தேன்.
சாவியை நீட்டியபோது
ஆ செங் நிமிராமல் கேட்டார்:
"என்னா, இருந்தாங்களா?"