எண்ணாயிரத்தில் ஒன்று

அந்த வருடம் அணுக்கருவுக்கு நூறு வயது.
கருத்தரங்கம் நடத்துவதென்று முடிவாகி
பிளெக்ஸ் பேனர் அடித்து வாங்கி வந்தவள் நான்தான்,
மஞ்சக்குப்பத்தில், பேரம் பேசி.
டிசம்பர் முப்பது விடிகாலை
‘தானே’ என்ற பெயரில் வந்த புயல்
அதைப் பிடுங்கிப் போய்
யார் வீட்டிலோ முறிந்து கிடந்த பலாவின் மேல் போர்த்தியது.
‘அணுவுக்குள் பெரும்பாலும் வெற்றிடம்’
என்ற வரி மட்டும் கிழியாமல்
நாலு நாள் ஆடிக்கொண்டிருந்தது.

பதினோரு நாளாய்க் கரண்ட் இல்லை.
மெழுகுவர்த்தி பத்து ரூபாய், மறுநாள் இருபது.
அதையும் ஊதி அணைத்துவிட்டு உட்காருகிறேன்.
முதலில் ஒன்றும் தெரியாது.
அரைமணி போனால்
சுவர் வரும். சுவரில் ஆணி வரும்.
ஆணியில், டிசம்பரிலேயே நின்றுவிட்ட காலண்டர் வரும்.

இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள் அவர்களும்
மான்செஸ்டரில், ஓர் இருட்டறையில்,
கண் பழகட்டும் என்று.
தங்க ரேக்கின் மேல் ஆல்பாத் துகள்கள்.
துத்தநாக சல்பைடு பூசிய திரையில்
ஒன்று விழுந்தால் ஒரு மினுக்.
எண்ண வேண்டும், அவ்வளவுதான் வேலை.
கண் சலித்தவர் எழ, அடுத்தவர் அமர,
மினுக். மினுக்.

நான் இதை ஒரே வரியில் தாண்டிவிடுவேன் வகுப்பில்:
‘மிகச் சில துகள்கள் திரும்பி வந்தன.’
ஐந்து மதிப்பெண்.
படம் வரைந்தால்தான் முழுசாகப் போடுவேன்.

இந்தப் பக்கமும் பார் என்றார்களாம்
பட்டம்கூட வாங்காத இருபது வயதுப் பையனிடம்.
துகள் புறப்பட்ட பக்கம் அது.
அங்கே ஒன்றும் இருக்காது என்று
உறுதிசெய்ய ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஏறக்குறைய எண்ணாயிரத்தில் ஒன்று
போன வழியே திரும்பியது.

(எண்ணாயிரம் என்றே ஓர் ஊர் இருக்கிறது
விழுப்புரம் பக்கம்.
‘அந்த ஊர்ல ஒருத்தர்தான் திரும்பி வந்தார்’ என்பேன்.
கடைசி பெஞ்சு மட்டும் சிரிக்கும்.)

கடைசி பெஞ்சு பூவராகனை
நிவாரண வரிசையில் பார்த்தேன்.
தேவனாம்பட்டினம். படகு போய்விட்டது,
தோளில் மிச்ச வலை.
“உருட்டினா ஒரு பானை நூலுதான் மிஸ்.
விரிச்சா தெரு அகலம்.
பாக்கியெல்லாம் கண்ணு.”

வலையின் ஓட்டைக்குப் பெயர் கண் என்பது
எனக்கு முப்பத்தெட்டு வயதில் தெரிந்தது.
விட்டுக்கொடுக்காமல் சொன்னேன்:
“அணுவில் நூலே கிடையாது பூவராகா,
நடுவில் ஒரு முடிச்சு, அதுவும் சின்னது.”
“அப்புறம் எதுல மிஸ் மாட்டும்?”
வரிசை நகர்ந்தது.
அரிசி வாங்கினோம்.

அவர்களுக்கும் உடனே தெரிந்துவிடவில்லை.
எண்ணிய பிறகு இரண்டு வருடம் ஆயிற்று
அது எதில் முட்டியது என்று சொல்ல.

இன்றும் உட்காருகிறேன்.
சுவர் வருகிறது, ஆணி வருகிறது.
சாய்ந்த கம்பத்தடியில், தெருக்கோடியில்,
லைன்மேனின் டார்ச்சோ என்னவோ,
ஒரு மினுக்.

ஒன்று, என்கிறேன்.